சைபரில் நிற்கும் முள்

சக்கரம் தரையை விட்டது எப்போது என்று எனக்கு ஒருநாளும் சரியாகத் தெரிந்ததில்லை, பன்னிரண்டு வருஷமாகப் பறக்கிறேன், இன்றைக்கும் தெரியவில்லை, பழைய தார்ப் பாதையின் ஒவ்வொரு விரிசலும் இடுப்பில் வந்து தட்டிக்கொண்டே இருக்கும், பிறகு பார்த்தால் தட்டல் நின்றிருக்கும், நின்றது தெரியும், நின்ற நொடி தெரியாது. மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டவர்களும் இதையேதான் சொல்கிறார்கள், எப்ப மரத்துச்சுன்னே தெரியல டாக்டர் என்று. கீழே மில் திடல் சுருங்குகிறது. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மில் முதலாளி தன் சொந்த விமானம் இறங்குவதற்காகப் போட்ட பாதை; மில்லும் போயிற்று, முதலாளியும் போய்ச் சேர்ந்தார், பாதை மட்டும் சோளக்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் கிடக்கிறது. அதில் ஐந்து பேர் ஒரே ஒரு விமானத்தை வைத்துக்கொண்டு சங்கம் நடத்துகிறோம், ஒரு பல் டாக்டர், ஒரு தேங்காய் வியாபாரி, இரண்டு வாத்தியார்கள், லூர்துமேரி. விமானம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கதவு கிடையாது, இரண்டு சீட்டு, மஞ்சள் துணி இறக்கை, ஸ்கூட்டருக்குச் சிறகு கட்டிவிட்ட மாதிரி இருக்கும், பெயர் வெட்டுக்கிளி. கொட்டகை வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது, மேலே போகிறவர் தன் பெயரைச் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்து தன் உள்ளங்கையாலேயே அழிக்க வேண்டும், வேறு யாரும் அழிக்கக் கூடாது. இப்போது அதில் என் பெயர், சுலோசனா என்று இருக்கிறது, பக்கத்தில் ஆறு நாற்பது. அதற்குப் பக்கத்தில் லூர்து ஸ்வெட்டரோடு நிற்கிறாள், கையில் வாக்கிடாக்கி, இக்கத்தில் நோட்டு. செயலாளர், கணக்குப்பிள்ளை, காவல்காரி, தரையிலிருந்து எங்களோடு பேசுகிறவள் எல்லாம் அவள் ஒருத்திதான். அவளும் பறப்பாள், ஆனால் மற்றவர்களை மேலே அனுப்பிவிட்டுத் தரையில் நிற்பதில்தான் அவளுக்கு நிம்மதி. "ஒரு சுத்துப் போயிட்டு வாங்க டாக்டர், மனசு லேசாகும், பத்து மணிக்குக் கெளம்பிடலாம்" என்று அவள்தான் அனுப்பினாள். பதினொரு மணிக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை. இந்தத் திடலை மூடச் சொல்லிப் பக்கத்து ஊரான செங்காட்டுப்புதூர்க்காரர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் நாங்கள் பறக்கிறவர்களா, ஒருகாலத்தில் பறந்தவர்களா என்று தெரிந்துவிடும்.

தை மாதத்துக் குளிர் ஹெல்மெட்டுக்கும் காலருக்கும் நடுவில் விரல் விட்டுப் பார்க்கிறது. பனி முழுவதும் கலையவில்லை, தோப்புகளின் தலை மட்டும் வெளியே தெரிகிறது, நடுவில் எங்கேயோ ஒரு மாடு கத்துகிறது, இஞ்சின் சத்தத்தில் அது எனக்குக் கேட்க வழியே இல்லை, இருந்தாலும் கேட்டது. மேலே வந்தால் இப்படித்தான், கேட்காதது கேட்கும், பார்க்க வேண்டியது தெரியாது. முப்பத்திரண்டு வருஷமாக நான் ஒரு ஜாண் தூரத்துக்குள் உலகத்தைப் பார்க்கிறவள். விளக்கைச் சாய்த்து, கண்ணாடியை விட்டு, ஒரு கடைவாய்ப் பல்லின் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு காலை பத்திலிருந்து ராத்திரி எட்டு வரைக்கும். வாயைத் திறந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள், பண்ணைக்காரர், பண்டாரம், பள்ளிக்கூடத்து ஹெச்எம், எல்லார் கண்ணிலும் ஒரே பயம். நாற்பத்தாறாவது வயதில் ஒரு நோயாளி, அந்தத் தேங்காய் வியாபாரிதான், கன்னம் மரத்த வாயோடு கோணலாகச் சொன்னார், ஒரு ஞாயித்துக்கெழம திடலுக்கு வாங்க டாக்டர் என்று. போனேன். பின் சீட்டில் உட்கார வைத்து மேலே கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் தடவை மேற்குமலை முழுசாக எழுந்து வந்தபோது நான் அழுதேன், வெட்கமாக இருந்தது, ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், நான் பறக்கக் கத்துக்கப் போறேன். "கீழ உனக்கு என்ன கொறச்சல்" என்றார். ஒரு குறையும் இல்லை. அதை எப்படி அவருக்குச் சொல்வது. குறை இருந்தால்தான் மேலே போக வேண்டுமா. தனியாக முதல்முதல் பறந்து இறங்கிய நாளில் சட்டையின் பின்முனையை வெட்டி, பெயரும் தேதியும் எழுதிக் கொட்டகையில் கொடி கட்டி மாட்டுவது உலகத்தில் உள்ள எல்லாப் பறக்கிறவர்களுக்கும் வழக்கமாம். நான் சுடிதாரில் இருந்தேன், வாத்தியார் இருவரும் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு தர்மசங்கடப்பட்டார்கள், லூர்துதான் வாங்கித் துப்பட்டாவின் ஒரு மூலையை நறுக்கென்று வெட்டினாள். அந்த நீலத் துண்டு இன்னும் தொங்குகிறது, நாலு சட்டைத் துண்டுகளுக்கு நடுவில். திடலை மூடினால் அதை யார் எடுத்துக்கொண்டு போவார்கள் என்று திடீரென்று ஒரு கவலை. பெரிய கவலைகள் வரிசையில் நிற்கும்போது இந்தக் கவலை எப்படி முந்திக்கொண்டு வந்தது என்று தெரியவில்லை.

ஐந்நூறு. முள்ளைப் பார்க்கிறேன், ஐந்நூறு அடி. மறுபடியும் பார்க்கிறேன். இன்றைக்குக் காலையில் இருந்து இந்த முள்ளை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணினால் சிரிப்பு வரும். உயரம் காட்டும் மீட்டர் இது, உள்ளங்கை அளவு வட்டம், இதற்கு உயரம் என்றால் என்னவென்றே தெரியாது, சுற்றியிருக்கிற காற்றின் கனம்தான் தெரியும். மேலே போகப் போகக் காற்று லேசாகும், இது அதை உயரமாக மாற்றிச் சொல்லும். ஆனால் கடலில் தாழ்வுநிலை வந்தால் தரையிலேயே காற்று லேசாகிவிடும், அப்போது இது தரையில் உட்கார்ந்துகொண்டே நான் இருநூறு அடியில் இருக்கிறேன் என்று பெருமை பேசும். அதனால் கிளம்பும் முன்னால் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருக்கிற திருகைத் திருகி முள்ளைச் சைபருக்குக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்துவிட்டு வாக்கிடாக்கியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், முள்ளு சைபர். தரையில் இருக்கிறவர் திருப்பிச் சொல்லுவார், சைபர். சொல்லிவிட்டு நோட்டில் ஒரு டிக் போடுவார். பன்னிரண்டு வருஷமாக நான் சொல்லி, பன்னிரண்டு வருஷமாக லூர்து திருப்பிச் சொல்கிறாள், கோயிலில் பதில் சொல்வது மாதிரி ஆகிவிட்டது, வாய் தானாகச் சொல்லும். இங்கேதான் நான் முள்ளை இன்னொரு தடவை பார்க்கிறேன். வாய் தானாகச் சொல்லும். வாய்க்கால் வருகிறது, அதைப் பார்ப்போம், வாய்க்காலைப் பற்றி நினைப்போம்.

வாய்க்கால் கிழக்கும் மேற்குமாக நெளிந்து கிடக்கிறது, தண்ணீர் விட்டிருக்கிறார்கள், வெயில் படுகிற இடத்தில் வெள்ளையாகவும் படாத இடத்தில் ஒன்றுமே இல்லாதது மாதிரியும். இந்த இடத்தில் நான் எப்போதும் இஞ்சினைக் குறைத்துவிடுவேன். முழுக்க அணைப்பதில்லை, முணுமுணுக்கும் அளவுக்கு விட்டுவிட்டுச் சறுக்கிக்கொண்டே இறங்குவேன், அப்போது இறக்கைத் துணியின் மேல் காற்று போகிற சத்தம் கேட்கும், சேலையை உதறி மடிக்கிற சத்தம். உலகத்தில் எனக்கு இதைவிடப் பிடித்த சத்தம் இல்லை. யாரும் வாயைத் திறக்கவில்லை, யாருக்கும் வலிக்கவில்லை, யாரும் என்னை அம்மா என்றோ டாக்டர் என்றோ கூப்பிடவில்லை, எனக்குப் பெயரே இல்லை, பெயர் கீழே கரும்பலகையில் பத்திரமாக இருக்கிறது. அன்றைக்கும் இதே இடம்தான். கார்த்திகை பிறந்து நாலு நாள். ஒன்பது நாள் அடைமழை, ஒன்பது நாளும் கிளினிக்கில் ஈரக் குடை வாசனையோடு வாய் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், பத்தாம் நாள் காலையில் வானம் ஒரு பக்கம் கிழிந்து வெளிச்சம் விழுந்தது, நான் செருப்பைக்கூட மாற்றாமல் ஓடிவந்தேன். லூர்து கேட்டாள், எல்லாம் பாத்தாச்சுங்களா. பாத்தாச்சு. மலை உச்சியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், கண் அங்கே, வாய் இங்கே. முள்ளு சைபர் என்றேன். சைபர் என்றாள். முள் இருநூற்றைம்பதில் நின்றிருக்கிறது. திடலில், தரையில், சேற்றில் நின்றுகொண்டு இருநூற்றைம்பது.

அதற்குப் பிறகு நான் செய்தது எல்லாம் சரி, அதுதான் கொடுமை. ஒரு விதியையும் மீறவில்லை. வீடு, கொட்டகை, ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்துக்கு மேல் ஐந்நூறு அடிக்குக் கீழே வரக் கூடாது என்பது எங்களுக்குக் கொடுத்த அனுமதியிலேயே இருக்கிறது, நான் முள்ளை ஐந்நூறில் நிறுத்திவைத்துக்கொண்டு, கண்ணும் கருத்துமாக, வாய்க்கால் கரை ததும்புவதைப் பார்க்கப் போனேன். வழியில் ஒரு நீளமான கோழிக் கொட்டகை. வாசலில் ஒருவர். கட்டம் போட்ட லுங்கி, பச்சையும் கறுப்பும். கையில் டீ கிளாஸ். கிளாஸிலிருந்து ஆவி போனது. அவர் அண்ணாந்து பார்த்துக் கையைத் தூக்கினார், வாய் திறந்திருந்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, ஒன்பது நாள் மழைக்கப்புறம் உலகம் முழுவதுமே எனக்கு வணக்கம் சொல்வதாக நினைத்தேன். நானும் கையாட்டினேன். நன்றாக, முழங்கையிலிருந்து, பஸ் ஏற்றிவிட வந்தவர்களுக்கு ஆட்டுகிற மாதிரி. அவர் கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்திக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் டீ கிளாஸ். ஐந்நூறு அடியிலிருந்து டீ கிளாஸ் தெரியாது. ஆவி தெரியவே தெரியாது. கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது, கண் சொல்லத்தான் செய்தது, நான் முள்ளின் பேச்சைக் கேட்டேன்.

இறங்கி, நின்று, இஞ்சினை அணைத்த பிறகு பார்த்தேன், முள் சைபருக்கு வரவில்லை. இருநூற்றைம்பதில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. லூர்து கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்தாள், நாற்பது அடி தூரம் இருக்கும், பாட்டு ஏதோ முனகிக்கொண்டு. என் விரல்கள் திருகைப் பிடித்தன. யாரும் அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, பல்லுக்குள் நரம்பைத் தேடுகிற விரல்கள், நுணுக்கமான வேலைக்குப் பழகியவை, சத்தமே இல்லாமல் திருகி முள்ளைச் சைபரில் உட்காரவைத்துவிட்டன. அவள் வந்து எட்டிப்பார்த்து, "எப்பிடி இருந்துச்சு" என்றாள். பிரமாதம் என்றேன். நோட்டில் உயரம் ஐந்நூறு என்று என் கையெழுத்தில் எழுதினேன். கரும்பலகையில் என் பெயரை அழித்தேன். அன்றைக்கு அந்தக் கோழிக் கொட்டகையில் என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது, அதை நான் என் பக்கத்துக்கு ஒரு சாட்சியாக எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன், தெரியாதுதானே, தெரியாதுதானே. ஆனால் திருகைத் திருகினபோது தெரியும். ஏதோ ஒன்று நடந்திருக்கலாம் என்பதற்காகத்தானே திருகினேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் கிளினிக்குக்கு வந்தார். கீழ்க் கடைவாய், வீக்கம். ஆறுச்சாமி என்று சீட்டில் எழுதியிருந்தது. அந்த லுங்கி இல்லை, வெள்ளை வேட்டி, முகத்தை வைத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை, நாற்காலியைச் சாய்த்து அவர் அண்ணாந்து வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. அதே முகம், அதே திறந்த வாய். அவரே பேச ஆரம்பித்தார். "ஏனுங்க டாக்டர்ம்மா, நீங்களும் அந்தத் திடல்ல ஓட்டுவீங்களாமா." ஆமாங்க. "எம்பட கொட்டாய் மேல வந்துச்சுங்க ஒரு நாளு. நாலாயிரம் கோழிக. அதுக மேல நெழலு உழுந்தாலே ஆகாதுங்க, இது சத்தம் வேற. ஒட்டுக்கா ஒரே மூலைக்கு ஓடி ஒண்ணுமேல ஒண்ணு ஏறிருச்சுங்க. நானும் எம்பட ஊட்டுக்காரியும் கையில அள்ளி அள்ளி இந்தப் பக்கமா போடறோம், அடியில இருக்கறதுக்கு மூச்சு வேணுமுல்லீங்க. முந்நூத்திப் பன்னெண்டு. சூடா இருந்துச்சுங்க எல்லாம், செத்தும் சூடா." நான் ஊசியைக் கையில் எடுத்தேன், மறுபடி கீழே வைத்தேன். "செத்தது போகட்டுமுங்க. அவன் கையாட்டிட்டுப் போனான். அதத்தானுங்க என்னால தாங்க முடியல. நீங்க இல்லீன்னு எனக்குத் தெரியும். நீங்கன்னா கீழ பாத்திருப்பீங்க. அது ஆருன்னு மட்டும் சொல்லுங்கொ." நான் பஞ்சை எடுத்து அவர் வாய்க்குள் வைத்தேன். ஊசி போடுவதற்கு முன்னால் பஞ்சு வைக்கிறதுதான், ஆனால் அவ்வளவு சீக்கிரமாக வைக்க வேண்டியதில்லை, அவ்வளவு பெரிய பஞ்சும் தேவையில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார், என்னை நம்பி. பல்லை நன்றாகவே எடுத்தேன். வலிச்சுதுங்களா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார், நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

இதை லூர்துவிடம் சொல்ல எத்தனை நாள் வாய் எடுத்தேன். மனு வந்த அன்றைக்கு, மனுவுக்குப் பதில் எழுதிய அன்றைக்கு, நேற்றைக்கு. ஊரார் மனுவில் கையை ஆட்டி ஏளனம் செய்துவிட்டுப் போனதாக ஒரு வரி இருக்கிறது. லூர்து அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தாள். ஐந்நூறு அடிக்குக் கை தெரியுமா டாக்டர், நம்ம நோட்டுல ஐந்நூறுன்னு தெளிவா இருக்குது, நம்ம நோட்டு என்னைக்கு டாக்டர் பொய் சொல்லியிருக்குது. பதிலில் அவள் எழுதியிருக்கிறாள், கையாட்டியதாகச் சொல்வது முற்றிலும் கற்பனை என்று. இன்றைக்கு அதிகாரிக்கு முன்னால் நின்று அதையே வாய்விட்டுச் சொல்லப் போகிறாள், ஆறுச்சாமி எதிரில் நிற்பார். நாலு பேரும் பின்னால் உட்கார்ந்திருப்போம், இஸ்திரி போட்ட உடுப்போடு. எங்களுக்கு வருஷா வருஷம் மேலே போக அனுமதி கொடுத்தவர்கள் எங்கள் இறக்கையைப் பார்த்துக் கொடுக்கவில்லை, அந்த நோட்டைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள், பன்னிரண்டு வருஷத்து நோட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். அந்த நோட்டில் ஒரு இடத்தில் மட்டும் என் பொய் உட்கார்ந்திருக்கிறது, சொத்தைப் பல் மாதிரி, மேலே பார்த்தால் வெள்ளை. சொல்லாவிட்டால் ஒருவேளை ஜெயித்துவிடுவோம். திடல் இருக்கும், வெட்டுக்கிளி இருக்கும், ஞாயிற்றுக்கிழமை இருக்கும், எனக்கும் மேலே வர இடம் இருக்கும். சொன்னால் என் லைசென்ஸை நிறுத்திவைப்பார்கள், ஒரு வருஷமோ இரண்டோ. எனக்கு ஐம்பத்தெட்டு. சர்க்கரை இருக்கிறது. போன தடவையே மருத்துவச் சோதனையில் அந்த டாக்டர் ரிப்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நிறுத்திவைத்தால் நின்றதுதான், நான் திரும்பி மேலே வரப் போவதில்லை. இந்தச் சத்தம், சேலையை உதறுகிற இந்தச் சத்தம், இதுவே கடைசியாக இருக்கும். பயமாக இருக்கிறது. சாவதற்குக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை என்று நினைக்கிறேன். கீழேயே இருந்துவிடுவதற்குப் பயப்படுகிறேன். இதில் இன்னொரு பயமும் கலந்திருக்கிறது, நான் சொல்வதாலேயே திடலை மூடிவிட்டால், மற்ற நாலு பேரும் என்னால் தரைக்கு வந்துவிட்டால், லூர்து என்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள். சொல்லாமல் இருப்பதற்கு இது ஒரு நல்ல காரணம். ரொம்ப நல்ல காரணம். இரண்டு மாதமாக இந்தக் காரணத்தைத்தான் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன்.

இஞ்சினைக் கூட்டுகிறேன், வெட்டுக்கிளி மூக்கைத் தூக்குகிறது, கரண்டு எடுக்கிற காற்றாடிகள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றுகூடச் சுற்றவில்லை, எல்லாம் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கின்றன. எப்போது திரும்பினேன் என்று தெரியவில்லை, செங்காட்டுப்புதூர் பக்கமாக வந்துவிட்டேன். வர வேண்டும் என்று வரவில்லை. கோழிக் கொட்டகையை விட்டுத் தள்ளி, தெற்கே அரைக் கிலோமீட்டர் ஒதுங்கி, முள் ஐந்நூறில், உண்மையான ஐந்நூறில், காலையில் நானே மூன்று தடவை திருகிச் சரிபார்த்த ஐந்நூறில் போகிறேன். கொட்டகை ஒரு வெள்ளைக் கோடு. வாசலில் ஒரு புள்ளி. புள்ளி அசைகிறது. ஆளா, ஆடா, துணி காயப்போட்டதா என்று தெரியவில்லை. லுங்கி இல்லை, கட்டம் இல்லை, கிளாஸ் இல்லை, ஆவி இல்லை. இவ்வளவுதான் ஐந்நூறு. இந்த உயரத்தில் மனுஷனுக்கு முகமே கிடையாது. கேட்டால் எந்த அதிகாரிக்கும் சொல்லலாம், சத்தியம்கூடப் பண்ணலாம், ஐந்நூறு அடியில் ஒன்றும் தெரியாது என்று. அப்படியானால் அந்தப் பச்சைக் கட்டம் எனக்கு எப்படித் தெரியும். தூக்கத்தில்கூட அந்த லுங்கியின் கட்டத்தை எண்ணுகிறேனே, அது எங்கிருந்து வந்தது. நீங்கன்னா கீழ பாத்திருப்பீங்க. பார்த்தேன் ஆறுச்சாமி, பார்த்தேன், உங்கள் கையில் இருந்த டீ வரைக்கும் பார்த்தேன், அதனால்தான் கையாட்டினேன், ஏளனத்துக்கு இல்லை, அன்றைக்கு எனக்கு உலகத்தில் யாரையும் பிடிக்காமல் இல்லை. இதை அந்த மனிதருக்கு யார் சொல்வது. சுதந்திரமாகப் பறக்க வேண்டும் என்று மனுவுக்குப் பதிலில் நாங்கள் எழுதியிருக்கிறோம், அழகான வரி, இரண்டு வாத்தியார்களும் சேர்ந்து எழுதியது. அவருக்குக் கீழே நிம்மதியாக டீ குடிக்கிற சுதந்திரம் வேண்டும். நான் ஒருத்தி முள்ளைப் பார்க்காமல் சைபர் என்றதால் இரண்டும் இப்போது ஒரே மேஜைக்கு வந்து நிற்கின்றன.

சூரியன் கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. கிழக்கே பார்த்து இறங்க வேண்டும், பாதை பனியில் பாதி மூழ்கிக் கிடக்கிறது, காற்றின் திசை காட்டும் துணிப் பை லேசாக ஊதி, என் பக்கமாகக் கை நீட்டுகிறது. இங்கே நான் உயரம் சொல்ல வேண்டும், கீழே இருக்கிறவர் காற்று சொல்ல வேண்டும், அதுதான் முறை. பொத்தானை அழுத்துகிறேன்.

"லூர்து, வெட்டுக்கிளி."

"சொல்லுங்க டாக்டர்." குரலில் டீ குடித்த தெம்பு இருக்கிறது.

"மேக்க இருந்து வர்றேன். உயரம் ஐந்நூறு." பொத்தானை விட வேண்டும். விரல் விடவில்லை. இந்த விரல்களேதான் அன்றைக்குத் திருகினவை. "லூர்து, அன்னிக்கு ஐந்நூறு இல்ல. கார்த்திகைல. இருநூத்தம்பது."

பொத்தானை விட்டேன், இரைச்சல். கீழே கொட்டகை வாசலில் ஸ்வெட்டர் போட்ட ஒரு புள்ளி, அசையவில்லை. நான் இறங்கிக்கொண்டே இருக்கிறேன், நானூறு, முந்நூற்றைம்பது, காத்திரு என்று விமானத்திடம் சொல்ல முடியாது.

"சைபர்னு சொன்னீங்களே."

"பாக்காமச் சொன்னேன். எறங்கி வந்து பாத்தேன். நீ வர்றதுக்குள்ள திருகிட்டேன்."

முந்நூறு. இருநூற்றைம்பது. இந்த உயரம்தான், இப்போது புள்ளிக்கு முகம் வந்துவிட்டது, நோட்டைப் பிடித்திருக்கிற கை தெரிகிறது, ஸ்வெட்டரில் மேல் பொத்தான் போடாதது தெரிகிறது. அவள் வாக்கிடாக்கியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தரையைப் பார்க்கிறாள். என்னோடு இனிமேல் பேசவே மாட்டாள் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் காற்று தெரியாமல் இறங்கப் போகிறேன் என்று நினைத்தேன். பிறகு அவள் கையைத் தூக்கினாள், வாய்க்குக் கொண்டுபோனாள்.

"காத்து கெழக்கால இருந்து, வேகம் ஆறு. பாதை காலி." குரல் தட்டையாக இருந்தது. "எறங்குங்க டாக்டர்."

தொட்ட நொடி மட்டும் எனக்கு எப்போதும் தெரியும். ஒரு விரிசல், இன்னொரு விரிசல், இடுப்பு, முதுகு, எல்லா எடையும் திரும்ப வந்து சேர்ந்தது, எனக்கு மறுபடி வயது ஐம்பத்தெட்டு. இஞ்சினை அணைத்தேன். முள்ளைப் பார்த்தேன், சைபர். ஹெல்மெட்டைக் கழற்றவே நேரமாயிற்று, பட்டை எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. லூர்து கிட்டே வரவில்லை. கொட்டகைக்குள் போய், கையில் இருந்த நோட்டைப் பிரித்து, கார்த்திகைப் பக்கத்தைத் திருப்பி, மேஜையில் வைத்துவிட்டுப் பேனாவை அதன் மேல் குறுக்கே வைத்தாள். அவளுக்குப் பின்னால் கொடியில் ஐந்து துணித் துண்டுகள், அதில் ஒன்று நீலம். நான் போய் நின்றேன். கோபமாக ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன், சொன்னால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்களே எழுதுங்க. உங்க கையெழுத்துல இருக்கோணும்."

ஐந்நூறை ஒரே கோட்டில் அடித்தேன், அடியில் என்ன இருந்தது என்பது தெரிகிற மாதிரி. இருநூற்றைம்பது என்று எழுதினேன். முள் சரிபார்க்கவில்லை என்று எழுதினேன். அன்றைய தேதி போட்டேன், இன்றைய தேதியும் போட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்த நோட்டுக்கு முதல் அடித்தல். "திடல மூடிருவாங்களா லூர்து" என்று கேட்டேன், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது எனக்கே.

"தெரியல." அவள் மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து தன் பதில் மனுவை எடுத்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரியில் விரல் நின்றது. எந்த வரி என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தாள், பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிற கண்ணாலேயேதான் பார்த்தாள், அதுதான் தாங்க முடியவில்லை.

"கையாட்டுனது?"

"நாந்தான்."

"அதையும் எழுதுங்க."

நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. கிளம்பிய நேரம் இருக்கிறது, இறங்கிய நேரம் இருக்கிறது, எண்ணெய், உயரம், காற்று, முள் எல்லாம் இருக்கின்றன. கையாட்டினேன் என்று ஓரத்தில், தாளைச் சாய்த்துவைத்துக்கொண்டு, சின்ன எழுத்தில் எழுதினேன்.